'மேலும்' போட்டால் இணைந்துவிடுமா?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கைக்கு எட்டிய ஏதாவது ஒரு தமிழ்க் கட்டுரையை எடுத்து, அது பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எழுதியதானாலும் சரி, கோயில் திருவிழா மலரில் வந்த தலைவர் உரையானாலும் சரி, அதில் இருக்கிற 'மேலும்' எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறைந்திருக்காது. அப்புறம் அதே கட்டுரையில் 'ஆனாலும்', 'ஏனென்றால்', 'அப்படியென்றால்' போன்றவற்றை அடியுங்கள். இப்போது கட்டுரை நொண்டும். எது காரணம், எது விளைவு, எழுதியவர் இதை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று பிடிபடாமல் இரண்டு வரி மேலே போய்த் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு இணைப்புச் சொற்கள் என்று படித்திருக்கிறோம், ஆனால் அவை செய்கிற வேலை ஒன்றல்ல. 'மேலும்' என்பது "இன்னொன்று வருகிறது" என்று மட்டும் சொல்கிறது. அது வருவது படிப்பவர் கண்ணுக்கே தெரிகிறதே. 'ஆனாலும்' அப்படியில்லை, "முன்னால் சொன்னதை வைத்து நீங்கள் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள், அது நடக்கவில்லை" என்று ஒரு முழு வாதத்தையே அந்த ஒற்றைச் சொல் சொல்லிவிடுகிறது. அதனால் இணைப்புச் சொல்லை வாக்கியத்துக்குப் போடும் அலங்காரமாக நான் பார்ப்பதில்லை. "இந்த இரண்டுக்கும் நடுவே இன்ன உறவு இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு" என்று எழுதுபவர் சொல்வதாகத்தான் பார்க்கிறேன். உறவு இல்லாத இடத்தில் சொல்லை மட்டும் வைத்தால், இடப்பக்கம் சிக்னல் போட்டுவிட்டு நேராகவே போய்க்கொண்டிருக்கும் காரின் கதைதான். கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் பார்க்கிறோம், பின்னால் வருகிறவர்கள்தான் தடுமாறுவார்கள்.

நம்மூரில், அதாவது மலேசியாவில், இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மூன்று மொழியில் கட்டுரை எழுதுகிறது. மலாய்ப் பாடத்தில் இணைப்புச் சொற்களுக்கு 'பெனண்டா வாச்சானா' என்று தனியாகவே ஒரு பட்டியல் உண்டு: இரண்டாவது பத்திக்கு 'செலாயின் இத்து' (அது தவிர), மூன்றாவதுக்கு 'டி சம்பிங் இத்து' (அதோடு), கொஞ்சம் அழுத்தம் வேண்டுமானால் 'புக்கான் இத்து சஹாஜா' (அதுமட்டுமல்ல), முடிக்கும்போது 'கெசிம்புலான்ஞா' (முடிவாக). பத்திக்குள்ளே இசி, ஹுராயான், சொந்தோ, அதாவது கருத்து, விளக்கம், எடுத்துக்காட்டு என்று ஒரு வரிசை. ஆங்கிலப் பாடத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அந்தப் பிள்ளை தமிழ்க் கட்டுரைக்கு உட்காரும்போது அச்சு அப்படியே கூட வந்துவிடுகிறது: தொடர்ந்து, மேலும், இதுமட்டுமின்றி, அதோடு, இறுதியாக. பத்தியின் கடைசியில் "என்றால் அது மிகையாகாது" என்று ஒரு முத்திரை. ஆண்டு 4-இல் தொடங்கி இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு வரைக்கும் இதே ஓட்டம்.

இதைக் கெட்ட ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்துகிறவருக்கு எந்தக் கருத்து எங்கே தொடங்குகிறது என்று ஒரு பார்வையில் தெரிவது பெரிய உதவி, எழுதத் தடுமாறுகிற பிள்ளைக்கும் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். தொல்லை அதற்கப்புறம்தான். பரீட்சையெல்லாம் முடிந்து, வேலை, கல்யாணம், பிள்ளைகுட்டி என்று ஆன பிறகும் அதே ஆள் சங்கத்தின் ஆண்டறிக்கையையும் முகநூல் பதிவையும் அடுக்ககக் குடியிருப்பாளர்களுக்கான அறிவிப்பையும் அதே அச்சில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த அச்சுக் கட்டுரையில் இன்னொன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பத்திகளை இடம் மாற்றினாலும் எதுவும் ஆகாது. செல்பேசியின் நன்மைகள் பற்றிய கட்டுரையில் இரண்டாவது பத்தியைத் தூக்கி நான்காவது இடத்தில் வைத்து, தலைச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி மாற்ற முடிந்தால் அங்கே இருப்பது பட்டியல், இணைப்பு இல்லை. பட்டியல் எழுதுவது தப்பே இல்லை. பட்டியல் என்றால் பட்டியலாகவே 1, 2, 3 என்று போட்டுவிடலாம், அதற்கு 'மேலும்' சட்டை மாட்ட வேண்டியதில்லை.

சரி, இணைப்புச் சொல் நிஜமாகவே வேலை செய்யும் இடத்துக்குப் போவோம். பினாங்கிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்கிறேன். முதல் பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த்துக்கும் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே ஃபெரி இன்றும் ஓடுகிறது. இரண்டும் உண்மை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் குற்றமில்லை, ஆனால் சொல்ல வந்தது என்ன என்று தெரியவில்லை.

"பாலம் 1985-இல் திறந்தாயிற்று. ஆனாலும் ஃபெரி இன்றும் ஓடுகிறது." இதை எழுதியவர் மனத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது: பாலம் வந்தால் படகு நின்றுபோகும். நிற்கவில்லை என்பது அவருடைய வியப்பு. அப்படி எழுதிவிட்டால் அடுத்த வாக்கியம் ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதை விட்டுவிட்டுத் தீவின் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேசப் போனால் படிப்பவரைப் பாதி வழியில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும். இதையே இன்னும் இறுக்கலாம்: "பாலம் 1985-இல் வந்தது, 2014-இல் இரண்டாவது பாலமும் வந்துவிட்டது, இருந்தும் ஃபெரி ஓடுகிறது." எதிர்பார்ப்பு கூடக் கூட 'இருந்தும்' கனமாகிறது.

இப்போது, "பாலம் 1985-இல் திறந்தது. அதனால்தான் ஃபெரி இன்றும் ஓடுகிறது." முதலில் படிக்கும்போது விசித்திரமாக இருக்கும். ஆனால் இப்படியும் ஒருவர் வாதாட முடியும். கார்களையெல்லாம் பாலம் எடுத்துக்கொண்டது, படகுக்குக் கிடைத்தது நடந்து வருகிறவர்களும் மோட்டார்சைக்கிள்காரர்களும். அந்த அளவுக்குச் சுருங்கியதால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது என்று சொல்லி, 2023-இல் விடப்பட்ட புதிய ஃபெரிகளில் கார் ஏறாது, மோட்டார்சைக்கிளும் சைக்கிளும்தான் ஏறும் என்பதை அவர் சாட்சிக்கு இழுக்கலாம். வாதம் எடுபடுமா என்பது வேறு விஷயம். 'அதனால்தான்' என்று எழுதிய அந்த நிமிடமே அவர் அதை நிரூபிக்கக் கடமைப்பட்டுவிட்டார், அதுதான் இங்கே முக்கியம்.

கடைசியாக, "பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. மேலும், ஃபெரி இன்றும் ஓடுகிறது." இலக்கணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எழுதியவர் இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கவே இல்லை என்பது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. தீவுக்குப் போக என்னென்ன வழி இருக்கிறது என்ற கேள்வி மேலே இருந்து, அதற்கு இரண்டு பதிலாக இவை வந்தால் மட்டும் இந்த 'மேலும்' பொருந்தும். அந்தச் சொல்லுக்கு நியாயமான இடமும் அதுதான்: இரண்டு வாக்கியமும் ஒரே கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும், அந்தக் கேள்வி என்ன என்று படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது, நம் எழுத்துப் பாடங்களில் அதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் குறை. தமிழ் இந்த இணைப்பு வேலையில் பெரும்பகுதியை வினைச்சொல்லிலேயே முடித்துவிடுகிறது. மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், யாராவது கதை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்: "மழ பெஞ்சி ரோடெல்லாம் ஜாமாகி, எல்.ஆர்.டி. புடிச்சிரலாம்னு போனா அங்கயும் கூட்டம் நெருக்க, நடந்தே செந்தூல் வந்து சேந்தேன்." இதில் 'எனவே', 'மேலும்', 'இருப்பினும்' ஒன்றுகூட இல்லை. காரணமும் வரிசையும் ஏமாற்றமும் வேறு வழியில்லாத முடிவும் பெஞ்சி, ஆகி, போனா, நெருக்க என்ற எச்சங்களிலேயே, அதாவது முற்றுப்பெறாத வினை வடிவங்களிலேயே, வந்துவிட்டன. பேசும்போது இவ்வளவு லாவகமாகச் சேர்க்கிற அதே ஆள், எழுத உட்கார்ந்தால் "கனமழை பெய்தது. எனவே சாலை நெரிசல் ஏற்பட்டது. ஆகவே நான் இரயிலில் செல்ல முடிவெடுத்தேன். இருப்பினும் அங்கேயும் கூட்டமாக இருந்தது" என்று துண்டு துண்டாக வெட்டி நடுவில் சொல் சொருகுகிறார்.

ஒரே வினையை எடுத்துப் பாருங்கள். திறந்து, திறந்ததும், திறந்தபின், திறந்ததால், திறந்தால், திறந்தாலும், திறக்க, திறக்குமுன். முதலில், பிறகு, ஆகையால், ஒருவேளை, எனினும் என்று தனிச் சொற்கள் தேவைப்படும் உறவுகள் எல்லாம் ஒரு விகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. அப்படியென்றால் எப்போதும் இப்படியே எழுதிவிடலாமா? அதுவும் இல்லை. "கட்டணம் உயர்ந்ததால் பயணிகள் குறைந்தார்கள்" என்று எழுதினால் கட்டண உயர்வு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்ற தோரணை வந்துவிடுகிறது. செய்தி, பயணிகள் குறைந்தது. "கட்டணம் உயர்ந்தது. அதனால் பயணிகள் குறைந்தார்கள்" என்றால் இரண்டுமே செய்தி, இரண்டுக்கும் தனித்தனி எடை. காரணம் புதிதாக இருந்தால், சர்ச்சைக்குரியதாக இருந்தால், அதற்குத் தனி வாக்கியம் கொடுத்துவிட்டு 'அதனால்' போடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த காரணம் என்றால் எச்சத்துக்குள் அடக்கிவிடுங்கள். இதைச் சட்டம் என்று சொல்லவில்லை, காதுக்குச் சரியாகப் படுவது பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது.

எச்சத்தில் ஒரு கண்ணி உண்டு, இதில் விழாத நிருபர் கிடையாது. 'செய்து' வாய்பாட்டு வினையெச்சம் வந்தால் அதைச் செய்தவரும் கடைசி வினையைச் செய்தவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பது பழைய இலக்கணம். "அமைச்சர் பேசி முடித்து மக்கள் கைதட்டினார்கள்" என்பது காதில் உறுத்துவது அதனால்தான். "பேசி முடித்ததும்" அல்லது "பேசி முடிக்க" என்றால் சரியாகிவிடும், ஏனென்றால் அந்த வடிவங்கள் இரண்டு வெவ்வேறு எழுவாய்களைத் தாங்கும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பது மட்டும் ஏன் உறுத்தவில்லை என்று கேட்டால், அங்கே முதல் நிகழ்ச்சியே இரண்டாவதுக்குக் காரணமாக நிற்கிறது, அந்த மாதிரி இடங்களுக்கு இலக்கணக்காரர்களும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு கண்ணி நீளம். வாயால் சொல்லும்போது குரல் ஏற்ற இறக்கம் துணைக்கு வரும், எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். தாளில் அது கிடையாது. ஏழெட்டு எச்சத்தைக் கோத்துவிட்டு முற்றுவினையைக் கடைசியில் வைத்தால் படிப்பவர் அத்தனையையும் மனத்தில் சுமந்துகொண்டே வர வேண்டும், நடுவில் எழுவாய் வேறு மாறினால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது 'உம்'. அளவில் சின்னது, வேலையில் பெரியது. தொல்காப்பியம் இடையியலில் இந்த உம்மைக்கு 8 பொருள் சொல்கிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். நன்னூலும் பெயர்களைச் சற்று முன்பின்னாக்கி அதே எட்டைத்தான் சொல்கிறது. "மாமாவும் வந்திருந்தார்" என்றால் வேறு யாரோ வந்திருந்தார்கள் என்பது தானாகவே வந்துவிடும், 'மேலும் மாமா வந்திருந்தார்' என்று எழுத வேண்டியதில்லை. "அவரும் வந்துவிட்டார்" என்பதில் அவர் வருவாரென்று யாரும் நினைக்கவில்லை என்ற தொனிகூட ஏறலாம். "மூவரும் வந்தார்கள்" என்றால் ஒருவர் பாக்கியில்லை. இவ்வளவு இருக்கும்போது அறிவிப்புப் பலகைகளிலும் அழைப்பிதழ்களிலும் "தலைவர் மற்றும் செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்" என்று எழுதுவது ஏனோ எனக்குப் பிடிக்கவில்லை. "தலைவரும் செயலாளரும் உறுப்பினர்களும்" என்றால் போதும். நீளமான நிறுவனப் பெயர்கள் நாலைந்து வரிசையாக வரும்போது 'மற்றும்' கை கொடுக்கும், அதை மறுக்கவில்லை.

தனியாக நிற்கும் இணைப்புச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அவையும் வினையிலிருந்து வந்தவைதான் என்று தெரியும். ஆனால், ஆனாலும், ஆகவே, ஆகையால், ஆதலால், ஆயினும்: எல்லாம் 'ஆ' அல்லது 'ஆகு' என்ற ஒரே வினை. எனவே, எனினும், என்றாலும், ஏனெனில், ஏனென்றால்: இவற்றில் இருப்பது 'என்'. இருந்தும், இருந்தாலும், இருப்பினும், இருந்தபோதிலும்: 'இரு'. மூன்றே வினைகளை வைத்துக்கொண்டு தமிழ் இத்தனை உறவுகளைச் சமாளித்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. இந்தச் சொற்கள் எல்லாமே முன்னால் ஒன்று சொல்லப்பட்டுவிட்டது என்று நம்பி அதன்மேல் சாய்ந்து நிற்பவை. 'எனவே' என்று எழுதும்போது "என்று இப்போது சொன்னேன் அல்லவா, அதனால்" என்று விரித்துப் பாருங்கள். 'ஆகவே'க்கு "அது அப்படி இருப்பதால்" என்று போட்டுப் பாருங்கள். முன் வாக்கியத்தில் அந்த 'அது' இல்லையென்றால் சொல் அந்தரத்தில் தொங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். "இந்தியர்கள் பலர் செந்தூலில் வசிக்கிறார்கள். எனவே நாம் தமிழை வளர்க்க வேண்டும்." எந்த 'என'?

பழைய உரையாசிரியர்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறாரானவர்கள். ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு அவர்களே "என்னை?" என்று கேட்பார்கள், அதாவது ஏன் என்று, "எனின்" என்று அந்தக் கேள்வியை ஏற்று, காரணத்தைச் சொல்லி, "ஆகலான்" என்று கட்டுவார்கள். எதிராளி என்ன சொல்வான் என்று ஊகித்து "அற்றேல்" என்று தொடங்கி, அதாவது அப்படியானால் என்று, அவன் தரப்பையும் எடுத்து வைப்பார்கள். படிக்கிற மாணவன் எந்த இடத்தில் கையைத் தூக்குவான் என்று தெரிந்து, அங்கே கேள்வியை வைத்தார்கள். இன்றைய எழுத்திலும் இது அருமையாக வேலை செய்யும். "ஏன் என்று கேட்டால்", "அப்படியானால் பழைய வீட்டை என்ன செய்வது?" என்று நடுவில் ஒரு கேள்வி போட்டால் 'இதன் அடிப்படையில்', 'இதன் தொடர்ச்சியாக' என்ற கனமான சொற்கள் எதுவும் இல்லாமலேயே அடுத்த பத்திக்குள் நுழைந்துவிடலாம். மூன்று வரிக்கு ஒருமுறை கேட்டால் மட்டும் பட்டிமன்றமாகிவிடும்.

பரிமேலழகரிடம் இன்னொரு வழக்கம். திருக்குறளின் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் தொடக்கத்தில், அது ஏன் முந்தைய அதிகாரத்துக்குப் பிறகு வருகிறது என்று ஒன்றிரண்டு வரியில் சொல்லிவிடுவார். கடவுள் வாழ்த்துக்கு அடுத்து ஏன் வான் சிறப்பு? அந்தக் கடவுளின் ஆணையால் உலகமும் அறம் பொருள் இன்பமும் நடப்பதற்கு மழை காரணமாக இருப்பதால், என்பது அவர் சொல்கிற பதிலின் சாரம். 'அடுத்து' என்று போட்டுவிட்டுப் போகவில்லை, அடுத்ததாக வருவதற்கான நியாயத்தைச் சொல்கிறார். அவர் சொல்கிற நியாயம் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று இல்லை, ஆனால் கேள்வியை எழுப்பிக்கொண்டார் பாருங்கள். நம் கட்டுரையின் இரண்டாவது பத்தி ஏன் இரண்டாவதாக இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா?

அதே குறளிலிருந்தே எதிர்ப்பக்கத்தையும் காட்டலாம். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." இதில் 'எனினும்'தான் உயிர். அதை எடுத்துவிட்டால் விதி ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம் என்று இரண்டு தனிச் செய்திகள்தான் மிஞ்சும். ஆனால், "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு" என்பதில் 'ஆனால்' என்ற பொருளில் எந்தச் சொல்லும் இல்லை. ஆறும், ஆறாது என்று ஒரே வினை நேராகவும் எதிராகவும் முட்டிக்கொள்கிறது. தீயினால், நாவினால் என்று இரண்டு பக்கமும் ஒரே வார்ப்பு. எதிர்நிலையை வாக்கிய அமைப்பே காட்டிவிட்ட பிறகு சொல் எதற்கு? நாம் எழுதும்போதும் இரண்டு பக்கத்தையும் ஒரே அமைப்பில் வைத்தால், "பினாங்கில் கடல் பக்கத்தில், வாடகை தூரத்தில், ஈப்போவில் வாடகை பக்கத்தில், கடல் தூரத்தில்" என்பது போல, 'மாறாக' தேவைப்படாது.

கண்ணுக்குத் தெரியாத இணைப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன. மொழியியலாளர்களான மைக்கேல் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976-இல் ஆங்கிலத்தை வைத்து எழுதிய ஆய்வில், வாக்கியங்களைப் பிணைப்பவற்றை 5 வகையாகப் பிரித்தார்கள்: சுட்டுவது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது, தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது, இணைப்புச் சொல், பிறகு சொற்களுக்குள்ளே இருக்கும் உறவு. நாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிற இணைப்புச் சொற்கள் அந்த ஐந்தில் ஒன்றுதான். தமிழில் அதிகம் கோட்டை விடுவது சுட்டில். "இதனால் மக்கள் பாதிக்கப்பட்டனர்" என்ற வாக்கியத்தில் 'இது' எது? முன் வாக்கியமா, முன் பத்தியா, மொத்த நாட்டு நிலவரமா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. 'இது'க்குப் பின்னால் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்: "இந்த வாடகை உயர்வால்", "இந்தத் தாமதத்தால்". என்ன பெயர் போடுவது என்று தடுமாறினால், நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் வறுமையாகத் தெரியும் என்று பயந்து, முதல் வரியில் 'ஆசிரியர்', இரண்டாவதில் 'நல்லாசான்', மூன்றாவதில் 'கல்விக் கண் திறந்தவர்' என்று மாற்றிக்கொண்டே போவது. கவிதைக்குச் சரி. விளக்கக் கட்டுரையில் மூன்று பேர் வந்து போன குழப்பம். அதே பொருளுக்கு அதே சொல்லைத் திரும்பப் போடுவதைவிட உறுதியான இணைப்பு வேறில்லை. கூடவே, முந்தின வாக்கியத்தின் கடைசியில் வந்த விஷயத்தை அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் எடுத்தால் கண் வழுக்கிக்கொண்டே போகும்: "பத்துமலையில் ஏறுவதற்கு 272 படிகள். படிகளுக்கு 2018-இல் வண்ணம் பூசினார்கள். அந்த வண்ணத்தைப் படம் பிடிக்க வந்தவர்கள் கூட்டம் கூடியது." ஒரு இணைப்புச் சொல்லும் இல்லை, ஆனாலும் அறுந்துபோகவில்லை.

எவ்வளவு இணைப்பு தேவை என்பது யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. டேனியல் மெக்நமாராவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1996-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் சுவாரசியமானது. விஷயம் அதிகம் தெரியாத மாணவர்களுக்கு, உறவுகளையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லி இறுக்கமாக எழுதிய பாடம் உதவியது. ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்களோ, இடைவெளி விட்டு எழுதிய பாடத்தைப் படித்தபோதுதான் ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். இடைவெளியை அவர்களே யோசித்து நிரப்ப வேண்டியிருந்தது காரணம். நம் நிலைமைக்குக் கொண்டுவந்து பார்த்தால், வங்கிக் கடன் விதிகளை முதன்முறையாக அறிகிறவருக்கு எழுதும்போது 'ஏனென்றால்', 'அப்படியில்லாவிட்டால்', 'அதற்கு முன்பு' எல்லாம் தாராளமாக வேண்டும், கஞ்சத்தனம் கூடாது. தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் தண்ணீர்ப்பந்தல் போடுகிற குழுவுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு நேரம், இடம், யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்பது போதும். அங்கே "மேற்கூறியவற்றின் அடிப்படையில்" என்று தொடங்கினால் சிரிப்பார்கள்.

நடையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எனினும், ஆயினும், இருப்பினும் ஆகியவை சட்டை போட்ட சொற்கள். ஆனாலும், இருந்தாலும் வீட்டுச் சொற்கள். இரண்டில் எதையும் எடுக்கலாம், ஒரே பத்தியில் இரண்டையும் கலந்தால்தான் ஆள் மாறிய மாதிரி இருக்கும். பேச்சில் நாம் வாக்கியத்துக்கு வாக்கியம் போடுகிற ஆங்கிலச் 'சோ'வைப் பற்றியும் எனக்குக் கோபம் இல்லை, எழுத்தில் அந்த இடத்துக்கு 'அதனால்' அழகாக உட்காரும், சில சமயம் எதுவுமே தேவைப்படாது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், அது நம் நாளிதழ்களில் வரும் 'இதனிடையே'. மலாய்ச் செய்தியில் 'செமெந்தாரா இத்து' நிற்கும் இடத்தில் தமிழில் இது நிற்கும். ஒரு பத்தியில் அமைச்சர் பள்ளிக் கட்டடத்துக்கு ஒதுக்கீடு அறிவிப்பார், 'இதனிடையே' என்று அடுத்த பத்தியில் அதே அமைச்சர் வெள்ள நிவாரணத்தைப் பற்றிப் பேசுவார். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது, ஒரே நிகழ்ச்சியில் ஒரே ஆள் சொன்னார் என்பதைத் தவிர. பலர் இதைக் கேலி செய்கிறார்கள். எனக்கென்னவோ இது நேர்மையான சொல்லாகவே படுகிறது: காரணம், விளைவு என்றெல்லாம் பாசாங்கு செய்யாமல் "பேச்சு மாறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. செய்திக்கு அது போதும், நிருபருக்கு இரவு பத்து மணிக்குள் பக்கம் போக வேண்டும். அதே செய்தியை வைத்து மறுநாள் ஒருவர் கட்டுரை எழுதினால், பள்ளிக் கட்டடமும் வெள்ள நிவாரணமும் ஒரே வரவுசெலவிலிருந்து வருகிறதா, ஒன்றுக்குக் கொடுத்ததால் இன்னொன்றில் குறைந்ததா என்று விசாரித்து, அந்த 'இதனிடையே' இருக்கும் இடத்தில் 'அதற்காக' போடலாமா 'ஆனாலும்' போடலாமா என்று முடிவு செய்ய வேண்டியது அவர் வேலை. விசாரித்தும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லையென்றால் இரண்டையும் இரண்டு கட்டுரையாக எழுதிவிடலாம்.